தின வாடகையும் மாத வாடகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்துக்கு வந்துவிட்டால் சாதியைக் கேட்பாரில்லை, இன்றைய பிள்ளைகள் அதையெல்லாம் தாண்டிவிட்டார்கள் என்று பெரியவர்கள் எழுதுகிறார்கள். எங்கள் வயதுக்காரர்களும் மேடையேறி அதையே சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வேலூரில் வாடகைக்கு ஒரு வீடு தேட வேண்டும். வந்து தங்கிப் போகிறவர்களை நம்பியே பல தெருக்கள் பிழைக்கிற ஊர் இது. இந்தச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றித்தான் இந்த ஊரின் லாட்ஜ் தொழில் வளர்ந்தது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்து பாருங்கள். பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து தெரியும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளியோடு குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். லாட்ஜ் கவுண்டரில் கேட்பது ஆதார் ஜெராக்ஸ், கைப்பேசி எண், எத்தனை நாள் தங்குவீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட், விசா நகலை வாங்கி, 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். தவறினால் லாட்ஜ்காரர்தான் மாட்டுவார். சமையல் வசதியுள்ள அறை என்றால் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனிக் காசு. சாயங்காலம் மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெயில் மீன் வறுக்கிற வாசனை ஏறும். யாரும் முகம் சுளிப்பதில்லை. எந்தச் சாதி என்று ஒருவரும் கேட்பதில்லை.

அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய், 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்குகிற ஒரு வாசலில் நின்று பாருங்கள். இங்கே மாதக் கணக்கு. கேள்விகளும் வேறு.

"எந்த ஊரு?" என்பதில் ஆரம்பிக்கும். ஊர்ப் பெயர் சொன்னதும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வரும். ஊரா, காலனியா என்பதுதான் அதற்கு அர்த்தம். (அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போனாலும் கேள்வி போகவில்லை. "பக்கம்" என்று மாறிக்கொண்டது.) அடுத்தது "குலதெய்வம் எது?" அப்புறம் "அப்பா இன்னா பண்றாரு?", "இங்க சொந்தக்காரங்க யாரு இருக்காங்க?" கடைசியாக "கவுச்சி சமைப்பீங்களா?" இந்த ஆறில் எதிலும் சாதி என்ற சொல் கிடையாது. ஆனால் ஆறுக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது கேட்டவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருக்கும். 'யோசிச்சு சொல்றேன்' என்றால் இல்லை என்று பொருள். 'தம்பி வெளியூர்ல இருந்து திரும்பி வரான்' என்றாலும் அதேதான். புரோக்கருக்கு இந்த அலைச்சல்கூட வேண்டியதில்லை. எந்த வீட்டுக்காரர் யாருக்குத் தருவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். சில வீடுகளைக் காட்டவே மாட்டார். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிறவர் வீண் அலைச்சலை ஏன் சுமக்கப்போகிறார்? இப்படி மறுக்கப்பட்டவருக்குத் தான் மறுக்கப்பட்டது தெரியக்கூட தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். அன்று தொடங்கிய பழக்கம் பரவித் தமிழ்நாட்டுக்காரர்கள் இன்று பெரும்பாலும் இன்ஷியலோடு நிற்கிறோம். வங்காளத்திலிருந்து வருபவரின் பெயரில் சாதி பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. ஆனால் மண்டல் என்றால் யார், தாஸ் என்றால் யார் என்று காட்பாடி வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே பெயரில் சாதி உள்ளவருக்குச் சாவி கிடைக்கிறது, பெயரில் சாதி இல்லாத நம்மூர்ப் பிள்ளைக்குக் குலதெய்வக் கேள்வி விழுகிறது. பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு விடும் மாடி அறைகளில் இதை அடிக்கடி காணலாம்.

லாட்ஜ்காரர் முற்போக்கு, வீட்டுக்காரர் பிற்போக்கு என்று நான் சொல்ல வரவில்லை. பல சமயம் இருவரும் ஒரே ஆள்தான். கீழே லாட்ஜ் வைத்திருப்பார், வேறொரு தெருவில் வாடகை வீடு வைத்திருப்பார். வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தங்குகிற காலம். மூன்று நாளில் போகிறவரின் சாதி தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டாவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, கடை, உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடங்களில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஓட்டல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, வாடகை வீடு இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்திலும் (2017இல் இயற்றியது) சாதி, மதம் காரணமாக வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை. சட்டம் எழுபத்தைந்து வருடமாகக் காவலுக்கு நின்ற இடத்தில் கேள்வி செத்துவிட்டது. சட்டம் எட்டிப்பார்க்காத இடத்தில் கேள்வி கெட்டிக்காரத்தனமாக உருமாறி உயிரோடு இருக்கிறது. மனப்பான்மை தானாக மாறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

லாட்ஜிலும் எல்லாம் சரியாக இல்லை. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறை கேட்டால் இன்றும் கதவு சாத்தப்படும். அப்படித் தங்குவதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஒரு கோவை வழக்கில் தெளிவாகச் சொன்னது. சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் குஷ்பு வழக்கிலேயே கூறிவிட்டது. போகட்டும்.

மாத வாடகைக்கு வருகிறேன். வீட்டுக்காரரின் மனதை மாற்றும் மருந்து என்னிடம் இல்லை. ஆனால் வீடு கிடைத்த பிறகும் எங்கள் வயதுக்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். வேலூரில் வழக்கம், முத்திரைத்தாளில் 11 மாத அக்ரிமெண்ட் எழுதி, ஒரிஜினல் வீட்டுக்காரரின் பீரோவுக்குப் போய்விடும். குடித்தனக்காரருக்கு ஜெராக்ஸ்கூட கிடைக்காது. 11 மாதம் ஏனென்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதிலிருந்து நழுவப் பிறந்த கணக்கு அது. இப்போதைய வாடகைச் சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் வாடகை அதிகாரி. இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் குடித்தனக்காரரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. "வாய்வார்த்தை போதும் தம்பி, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோ" என்று பாசமாகச் சொல்லும் வீட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அட்வான்ஸைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பார்கள். சரிதான், ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று அதே வரியில் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது. கையெழுத்துக்கு முன்னால்தான் பேச வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். எது நியாயமான பிடித்தம் என்பதில்தான் சண்டை வரும். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை என்று எழுதாமலே பிடித்துக்கொள்கிறார்கள். குடி புகும் நாளிலேயே சுவர், குழாய், கழிவறை, மின்விசிறி எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. வாடகையை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கட்டினால் அதுவே ரசீது. ரொக்கமாகக் கட்டினால் ரசீது கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

கரண்ட் பில்லில் இன்னொரு தந்திரம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் உரியது. தனி மீட்டர் இல்லாமல் சப் மீட்டர் வைத்த வீட்டில் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே ரேட் போட்டு வசூலிப்பார்கள். அந்த 100 யூனிட் யார் கணக்கில் போனது என்று யாரும் கேட்பதில்லை. வேலூர் வெயிலில் கூலர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. சித்திரை, வைகாசியில் இந்த ஒரு வித்தியாசமே பட்ஜெட்டைக் கவிழ்க்கும். வீடு பார்க்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்.

தனியாகத் தங்கும் பெண்களுக்கு, குறிப்பாக நர்ஸுகளுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும், வேறொரு நிபந்தனை வருகிறது: அக்ரிமெண்டில் அப்பா கையெழுத்து. சிலர் அப்பா பெயரிலேயே எழுதிவிடுவார்கள். 18 வயது நிறைந்தவர் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யலாம் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டக் காலத்துச் சங்கதி. அப்பாவைச் சாட்சியாகப் போடச் சொன்னால் போடுங்கள், பரவாயில்லை; குடித்தனக்காரர் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தையும் அதில் எழுதிவிடுவது நல்லது. வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும், தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கின்றன. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து இடைக்கால உத்தரவு வாங்கலாம்.

வாடகைக் காகிதத்தைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம், அது அத்தோடு நிற்பதில்லை; கல்யாணம் வரை போகிறது.

நாள் கணக்கில் கேட்காத சாதி மாதக் கணக்கில் மறைவாக வருகிறது, ஆயுள் கணக்கில் வெளிப்படையாகவே வருகிறது. 2011–12இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி நாட்டில் சாதி மறுப்புத் திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். 2019–20இல் ஏறக்குறைய 30,000 பேரிடம் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, தம் சமூகப் பெண்கள் வேறு சாதியில் மணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று 64 சதவீதம் பேர் சொன்னார்கள். இளைஞர்கள் இந்தக் கணக்கில் சேராதவர்கள் என்று நினைக்க வேண்டாம். காதலுக்கு நாங்கள், கல்யாணத்துக்கு அப்பா அம்மா என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தலைமுறையில் நிறைய. பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றைக் கட்டியது தாத்தாக்கள் அல்லர். அறைத்தோழர் தேடும் வாட்ஸ்அப் குழுக்களில் 'வெஜ் மட்டும்' என்று போடுவதும் இருபது வயதுக்காரர்கள்தான்.

இருந்தும் துணிகிற ஜோடிகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தடுக்கி விழுவது அப்பா அம்மா எதிர்ப்பில் மட்டுமில்லை, தவறான சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதிலும்தான்.

இருவரும் இந்துக்கள், சாதி மட்டும் வேறு என்றால் சுயமரியாதைத் திருமணமே எளிய வழி. அண்ணா ஆட்சியில் 1967இல் இயற்றி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு அது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினால் போதும். மோதிரம் போட்டாலும் போதும். தாலி கட்டினாலும் போதும். புரோகிதர் வேண்டாம், முன்னறிவிப்பு வேண்டாம், 30 நாள் காத்திருப்பு வேண்டாம். ஊரைக் கூட்டி நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், வழக்கறிஞர்கள் நண்பர் என்ற முறையில் நடத்தி வைக்கலாம் என்றும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன் பிறகு 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இங்கே தப்பு நடப்பது எப்படியென்றால், ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தும் மாலை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் இது சாதாரணமாக வரக்கூடிய ஜோடி. 7-ஏ இந்துக்கள் இருவருக்கிடையில் மட்டுமே செல்லும். மதம் வேறான ஜோடிகளுக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி.

அதில் முதல் படியே குடியிருப்பு. இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 30 நாளாவது அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வேலூரில் அறையெடுத்தவர் இதை எதை வைத்துக் காட்டுவார்? பீரோவுக்குள் போன அந்த அக்ரிமெண்டை வைத்துத்தான். அப்பா பெயரில் எழுதிய அக்ரிமெண்ட் இங்கே கழுத்தறுக்கும்.

நோட்டீஸ் கொடுத்ததும் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு எல்லையில் இருந்தால் அந்த ஊர் அலுவலருக்கும் ஒரு பிரதி போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். வீட்டுக்குச் சேதி போய்ச் சேருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். இப்படி ஒட்டுவது கட்டாயமில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. நம் ஊர் அலுவலகத்தில் அதை நம்பி இறங்க வேண்டாம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இன்னொரு தலைவலியும் சேர்ந்தது. ஆற்காட்டுக்காரரின் ஆதாரில் வேலூர் மாவட்டம் என்றிருக்கும், புதிதாக வாங்கிய சான்றில் ராணிப்பேட்டை என்றிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர். நோட்டீஸ் கொடுக்கும் முன் எந்த அலுவலரின் எல்லை என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் கொடுக்கலாம். ஆனால் எதை ஆட்சேபிக்கலாம் என்பதில் கதவு குறுகல்: ஏற்கெனவே மணமாகித் துணை உயிரோடிருக்கிறாரா, மனநிலை காரணமாகச் சம்மதம் சொல்ல முடியாதவரா, ஆணுக்கு 21 பெண்ணுக்கு 18 நிறைந்ததா, விலக்கப்பட்ட உறவா. அவ்வளவே. சாதி, மதம், பெற்றோர் சம்மதமின்மை மூன்றும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆட்சேபம் வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அவர் ஆட்சேபத்தை ஏற்றுத் திருமணத்தை மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் முதலிலிருந்து வர வேண்டும். திருமண நாளில் மூன்று சாட்சிகள். கடைசி நிமிடத்தில் ஒரு சாட்சி "ஊர்ல பிரச்சினை ஆவும்பா" என்று கழன்றுகொள்வது வழக்கம். நான்காவதாக ஒருவரைத் தயாராக வைத்திருங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவது பெயர்தான். ஆதாரில் இன்ஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். ஒரு எழுத்து மாறினாலும் கவுண்டரில் நிறுத்துவார்கள். ஆதாரை முன்கூட்டியே மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள். வீட்டைவிட்டு வரும் பெண்ணின் ஒரிஜினல் சான்றிதழ்கள் பெரும்பாலும் வீட்டில்தான் மாட்டிக்கொள்ளும். 'பெண்ணைக் காணவில்லை' என்று புகார் போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது வயதுச் சான்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பிறப்புச் சான்றையும் டிஜிட்டலாக முன்பே எடுத்து வைத்திருந்தால் அந்த இடத்தில் பதற வேண்டியதில்லை.

மிரட்டல் இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் கொண்ட தனிப்பிரிவு வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உத்தரவிட்டது. மனுவை நிலையத்தில் மட்டும் கொடுக்காமல் இந்த மூவருக்கும் தனித்தனியாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பரிந்துரைக்க நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்தார். எத்தனை உயிர் போன பிறகு என்று எண்ணிப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.

பணம் சம்பந்தமாக ஒன்று. ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, மற்றவர் வேறு வகுப்பு என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திருமண நிதியுதவி உண்டு: 25,000 ரூபாய், பட்டம் படித்தவர்க்கு 50,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். தொகையில் ஒரு பகுதி சேமிப்புப் பத்திரமாக வரும். திருமணமாகி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டோடு சமாதானம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. வருமான வரம்பு இல்லை.

பிள்ளை பிறந்த பின் வகுப்புச் சான்றில் தாய், தந்தை யாருடைய வகுப்பையும் எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று விடுவதற்கும் இந்த மண்ணில் முன்மாதிரி உண்டு. பள்ளியில் சாதி, மதம் கட்டாயமில்லை என்று 1973லும் 2000த்திலும் அரசாணைகள் வந்தும் பல இடங்களில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டார்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, அந்த ஊர் வேலூர் மாவட்டத்தில் இருந்தபோதே, பல ஆண்டு நடையாய் நடந்து 2019 பிப்ரவரியில் 'சாதி இல்லை, மதம் இல்லை' என்று தாசில்தாரிடம் சான்று வாங்கினார். 2025இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், அப்படிப்பட்ட சான்று கொடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்று கவனிக்க வேண்டும்: இட ஒதுக்கீட்டில் படிக்க வேண்டிய பிள்ளைக்கு இந்தச் சான்றை வாங்குவது துணிச்சல் ஆகாது, கணக்குத் தவறு. சலுகை தேவைப்படாதவர்கள் முதலில் வாங்கட்டும்.

இனி தங்களிடம் கேட்க வேண்டியது. ஞாயிறு தோறும் நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கத்தில் மணமகள் தேவை, மணமகன் தேவை என்பவை சாதி வாரியாகப் பிரித்து அடுக்கப்படுகின்றன. 'சாதி தடையில்லை' என்று தனித் தலைப்பு இருக்கும்; அதற்குக் கீழேயே அடைப்புக்குறிக்குள் 'எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக' என்று வரும் விளம்பரங்களை யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. 'வீடு வாடகைக்கு' பகுதியில் 'சைவர் மட்டும்' என்று வருகிறது. சாதி இளைஞர்களிடம் மறைந்துவிட்டது என்ற தலையங்கமும் அதே இதழில் வரலாம். விளம்பரத்தை நிறுத்தச் சொன்னால் வருமானம் என்பீர்கள், புரிகிறது. குறைந்தபட்சம் அந்த 'நீங்கலாக' அடைப்புக்குறியை அச்சேற்றாமல் விடலாம். 'வீடு வாடகைக்கு' பத்தியின் தலையில், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒரு பிரதி குடித்தனக்காரர் கையில் இருக்க வேண்டும் என்று மூன்று வரி போடலாம். எட்டு புள்ளி எழுத்தில் போட்டாலும் ஒரு அங்குலத்துக்கு மேல் இடம் பிடிக்காது.

தங்கள்,
இளம் வாசகி ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.